பற்றவைக்குமுன் நிலைநிறுத்துக!
மின்சுற்றுப் பலகை வேலையில் ஒரு முதற் பாடம்

(வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் எழுதியது)

நமது கிராமங்களில் மின்னணுச் சாதனம் புகாத இடம் இன்று அரிதாகிவிட்டது. தெருவிளக்கு எல்.இ.டி. விளக்காக மாறியிருக்கிறது. கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர்ப் பெட்டிக்குள் தானியங்கிப் பலகை ஒன்று அமர்ந்திருக்கிறது. மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் பம்பை நிறுத்துவதும் உள்ளங்கை அளவுள்ள ஒரு சிறு பலகையே. பால் எடை பார்க்கும் தராசிலும் அதுவே உள்ளது.

இச்சாதனங்கள் நன்மை தருவன என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றில் ஒன்று நின்றுவிட்டால் நாம் செய்வது என்ன? திருச்சி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து அந்தப் பலகையைக் கழற்றிப் பையில் இட்டுக்கொண்டு தில்லை நகருக்கோ, உறையூருக்கோ பஸ் ஏறுகிறோம். போக ஒரு நாள், வாங்கி வர ஒரு நாள். அந்த இரண்டு நாட்களில் நாற்றங்கால் காய்கிறது. தெரு இருண்டு கிடக்கிறது. கடையில் பலகையைத் திறந்து பார்த்தால், பல வேளைகளில் கெட்டிருப்பது உறுப்பு அன்று. உறுப்பின் கால் பலகையோடு சேரும் இடத்தில் உள்ள கடுகளவு ஈயப் பற்றுத்தான் விட்டுப் போயிருக்கும். அதைச் சரிசெய்யச் சில விநாடிகளே ஆகும்.

அந்தச் சில விநாடி வேலையைக் கிராமத்து இளைஞர்களும், மகளிர் சுய உதவிக் குழுவினரும் கற்றுக்கொள்ளக் கூடாதா? தாராளமாகக் கற்கலாம். அதற்கு முதற்படி, சூடு காட்டுவது அன்று; உறுப்பை அசையாமல் நிறுத்துவது. அதனைப் பற்றியதே இக்கட்டுரை.

பழைய தொழில், புதிய இடம்

உலோகத்தோடு உலோகத்தைச் சேர்க்கும் பற்றாசு நமக்குப் புதியதன்று. திருச்சி பெரிய கடைவீதிப் பக்கம் பொற்கொல்லர் வேலை செய்வதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவர் ஊதுகுழலை எடுக்குமுன் துண்டுகளைச் சரியாகப் பொருத்தி, மெல்லிய இரும்புக் கம்பியால் கட்டிவிடுவார். கட்டாமல் ஊதினால் பற்றாசு உருகும்போது துண்டு நகர்ந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். நம் யாப்பிலக்கண உரையாசிரியர்களும் இத்தொழிலை அறிந்திருந்தனர். நேரிசை வெண்பாவில் தனிச்சொல்லை முன்னடியோடு இசைக்க இடையே வைக்கும் ஓரசை, ஈரசைகளுக்கு 'ஆசு' என்று பெயரிட்டு, கொல்லர் இடும் பற்றாசையே அதற்கு உவமையாகக் கூறினர்.

திருச்சி வானொலி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் தொடங்கியது. 1960-களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்னும் நெல் அந்நிலையத்தின் வழியாகவே காவிரிப் பாசன விவசாயிகளிடையே பரவி, 'ரேடியோ நெல்' என்ற பெயரையும் பெற்றது. அக்காலத்து வால்வு ரேடியோப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். ஒவ்வொரு உறுப்பின் கம்பியும் ஓர் உலோகக் கொக்கியில் சுற்றப்பட்டு, அதன் மேல் ஈயம் இடப்பட்டிருக்கும். பிடிப்பைத் தருவது சுற்று. மின்சாரம் செல்ல வழி தருவது ஈயம். ஆகையால் பற்றவைக்கும்போது உறுப்பு தானாகவே நின்றது.

ஆஸ்திரியாவில் பிறந்த பால் ஐஸ்லர் என்பார் 1936-ஆம் ஆண்டு வாக்கில் லண்டனில், செப்புத் தகட்டுப் பாதைகள் பதிந்த பலகையைக் கொண்டு ஒரு ரேடியோ செய்து காட்டினார். அதன் வழிவந்ததே இன்றைய மின்சுற்றுப் பலகை. இதில் உறுப்பின் கால்கள் துளைகளின் வழியே சும்மா நுழைந்து நிற்கின்றன. கொக்கியும் இல்லை, சுற்றும் இல்லை. ஈயம் இடுவதற்காகப் பலகையைத் திருப்பிய உடனே உறுப்பு கீழே விழும், அல்லது பாதி இறங்கித் தொங்கும். பழைய ரேடியோவில் கொக்கி செய்த வேலையை இங்கே வேலை செய்பவரே ஏதேனும் ஓர் உபாயத்தால் செய்தாக வேண்டும்.

அசைந்தால் என்ன?

நம் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கட்டட வேலைகளை அறிந்தவர்கள். கான்கிரீட் தளம் இடும்போது முதலில் சென்டரிங் அடிக்கிறோம். கலவை இறுகுமுன் முட்டுக்களை அசைத்தால் தளம் வெடிக்கும். மேலே பூசி மறைத்தாலும் வெடிப்பு உள்ளே இருக்கும். ஈயப் பற்றிலும் இதுவே நிகழ்கிறது. கான்கிரீட்டுக்கு நாட்கள் வேண்டும். ஈயத்துக்கு ஓரிரு விநாடி போதும். வேறுபாடு அவ்வளவே.

கடைகளில் கிடைக்கும் பற்றாசுக் கம்பியில் வெள்ளீயமும் காரீயமும் கலந்திருக்கும். நூற்றுக்கு 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் உள்ள கலவை 183 டிகிரி செல்சியஸில் ஒரே கணத்தில் இறுகுகிறது. 60-க்கு 40 என்ற கலவையோ ஏறத்தாழ 190 டிகிரியில் இறுகத் தொடங்கி 183 டிகிரியில்தான் முடிக்கிறது. இடைப்பட்ட நிலையில் அது பாதி இறுகிய வெல்லப்பாகு போல் இருக்கும். அந்நேரத்தில் உறுப்பின் கால் மயிரிழை அசைந்தாலும் உள்ளே நுண்ணிய பிளவுகள் விழுந்துவிடும். கற்றுக்கொள்பவர்கள் 63-க்கு 37 கலவையையே கேட்டு வாங்குவது நலம். காரீயம் கலவாத புதுவகைக் கம்பிகள் 217 டிகிரிக்கு மேல்தான் உருகுகின்றன. அவற்றுக்குச் சூடும் திறமையும் கூடுதலாக வேண்டும்.

அசைந்த பற்று உடனே கெட்டுப் போவதில்லை. அதுதான் அதன் தீமை. வேலை முடிந்த அன்று விளக்கு எரியும், மோட்டார் ஓடும். பிறகு வெயிலில் சூடேறி இரவில் குளிர்கையில் பிளவு விரியும். ஒரு மாதம் கழித்து, விட்டு விட்டு எரியும் விளக்கு, தட்டினால் ஓடும் மோட்டார் என்ற நிலை தோன்றும்.

உறுப்பு பலகையோடு படிந்து அமராமல் தூக்கி நிற்பதும் இன்னொரு கேடு. ஸ்டார்ட்டர்ப் பெட்டிக்குள் காண்டாக்டர் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் பெட்டி அதிர்கிறது. ரிலே, மின்மாற்றி ஆகியன கனமான உறுப்புகள். அவை பலகையில் படிந்திருந்தால் பாரத்தைப் பலகை தாங்கும். தூக்கி நின்றால் முழுப் பாரமும் கால்களின் மீதும் ஈயப் பற்றின் மீதும் விழும். விலை குறைந்த பழுப்பு நிறப் பலகைகளில் செப்பு ஒரு பக்கம் மட்டுமே ஒட்டியிருக்கும். அவற்றில் தூக்கி நிற்கும் உறுப்பைப் பிறகு கையால் அழுத்தினால் செப்புத் திட்டே பெயர்ந்து வந்துவிடும்.

இதற்கு ஒரு விலக்கும் உண்டு. வேலை செய்யும்போது மிகவும் சூடாகும் பெரிய மின்தடைகளைப் பலகையிலிருந்து சற்று உயர்த்தியே வைக்க வேண்டும். இல்லையேல் பலகை கருகும். பழைய உறுப்பு எந்த உயரத்தில் நின்றது என்பதைக் கழற்றுமுன் குறித்துக்கொள்வது நல்ல வழக்கம்.

நிலைநிறுத்தும் முறைகள்

1. குட்டையானவை முதலில். பலகையில் பல உறுப்புகளை ஏற்றும்போது உயரத்தில் குறைந்தவற்றை முதலில் ஏற்ற வேண்டும். படுத்திருக்கும் மின்தடைகளும் டயோடுகளும் முதல் வரிசை, ஐ.சி. சாக்கெட்டுகள் அடுத்தது, பிறகு சிறு மின்தேக்கிகள், இறுதியில் ரிலே, பெரிய மின்தேக்கி, மின்மாற்றி. இம்முறையில், பலகையைத் திருப்பி மேசை மீது வைத்தால் மேசையே அந்த வரிசை முழுவதையும் பலகையோடு அழுத்திப் பிடிக்கும். உயரமானதை முதலில் ஏற்றிவிட்டால் குட்டையானவை மேசையைத் தொடாமல் தொங்கும். செலவே இல்லாத இந்த ஒழுங்குமுறை பாதி வேலையை முடித்துவிடும்.

2. காலை விரித்தல். துளையில் நுழைத்த பின் இரு கால்களையும் வெளிப்புறமாகச் சற்றே சாய்த்துவிட்டால் உறுப்பு விழாது. சாய்வு 30 முதல் 45 டிகிரி வரை போதும். முழுவதும் மடித்துத் தட்டையாக்கினால் பக்கத்துச் செப்புப் பாதையைத் தொட்டுவிடும். நாளை கழற்றவும் இயலாது. பல கால்களுள்ள ஐ.சி. சாக்கெட்டில் மூலைக்கு மூலை எதிராக உள்ள இரண்டு கால்களை மட்டும் சாய்த்தால் போதுமானது.

3. ஒரு கால் முறை. ரிலே, இணைப்பி முதலிய குறுங்கால் உறுப்புகளுக்கு இது மிகச் சிறந்தது. முதலில் ஒரே ஒரு காலில் சிறிது ஈயம் வைத்து நிறுத்துக. பிறகு பலகையைக் கையில் எடுத்து, உறுப்பு நேராக இருக்கிறதா என்று பார்க்க. சாய்ந்திருந்தால், மறுபக்கத்திலிருந்து உறுப்பின் பிளாஸ்டிக் உடலை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டு அந்த ஒரு பற்றை மீண்டும் உருக்குக. உறுப்பு 'டக்' என்று படியும். சூட்டை எடுத்த பின் இரண்டு மூன்று விநாடி அழுத்தத்தை விடலாகாது. பின்னர் அதற்கு எதிர்மூலையில் உள்ள காலையும், அதன் பின் மற்றவற்றையும் பற்றவைக்க. கடைசியில் முதற் காலுக்குத் திரும்பிப் புதிய ஈயம் சிறிது கொடுத்து அதனைச் செம்மை செய்க. இரண்டு கால்களைப் பற்றவைத்த பிறகு சாய்வைத் திருத்த முயல்வது வீண். திருத்தம் முதற் காலோடு முடிய வேண்டும்.

4. ஒட்டுநாடா. உறுப்பின் மேல் நாடாவை ஒட்டிப் பலகையோடு சேர்த்துவிட்டுத் திருப்பலாம். வண்ணம் பூசுவோர் பயன்படுத்தும் காகித நாடா இதற்கு ஏற்றது. பொன்னிறமான பாலிமைடு நாடா சூட்டை நன்கு தாங்கும். விலை சற்று அதிகம். சாதாரணப் பிளாஸ்டிக் நாடா சூட்டில் சுருங்கிப் பசையை விட்டுச் செல்லும். மின்வேலைக்குரிய கறுப்பு நாடாவும் அவ்வாறே.

5. பஞ்சு மெத்தை. பல உயரங்களில் உறுப்புகள் உள்ள பலகைக்கு, ஓர் அட்டையின் மேல் மென்மையான ஸ்பாஞ்சு வைத்துப் பலகையோடு சேர்த்துப் பிடித்துத் திருப்ப வேண்டும். உயர்ந்தது அதிகமாக அமிழும், குட்டையானது குறைவாக அமிழும். எல்லாம் பலகையோடு அழுந்தி நிற்கும். சில ஐ.சி.களும் டிரான்சிஸ்டர்களும் நிலைமின்சாரத்தால் கெடுபவை. அவற்றுக்கு, அவை கடையிலிருந்து குத்தி வைக்கப்பட்டு வரும் கறுப்பு ஸ்பாஞ்சையே சேமித்து வைத்துப் பயன்படுத்துக.

6. மரச்சட்டம். மகளிர் குழு ஒன்று ஒரே வகைப் பலகையை நூற்றுக்கணக்கில் செய்யும்போது மேற்சொன்ன முறைகள் நேரத்தை விழுங்கும். அப்போது ஊர்த் தச்சரிடம் சொல்லி, பலகை சரியாக அமரும் பள்ளமுள்ள ஒரு மரச்சட்டமும், ஸ்பாஞ்சு ஒட்டிய ஒரு கீல் மூடியும் செய்துகொள்ளலாம். உறுப்புகளை அடுக்கி, மூடியை மூடிக் கொக்கியை மாட்டி, சட்டத்தையே கவிழ்த்து வைத்தால் கால்கள் மேலே வரிசையாக நிற்கும்.

7. மூன்றாவது கை. ஒரு கையில் சூட்டுக்கோல், மறு கையில் ஈயக் கம்பி. பலகையைப் பிடிப்பது யார்? முதலைவாய்க் கிளிப்புகள் பொருத்திய சிறு நிலைக்கால் கடையில் கிடைக்கும். அது இல்லாவிடில், கனமான மரக்கட்டையில் இரண்டு துணிக் கிளிப்புகளைத் திருகாணியால் முடுக்கி நாமே செய்யலாம். கட்டை கனமாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

8. காலில்லா உறுப்புகள். இக்காலப் பலகைகளில் அரிசி மணியிலும் சிறிய உறுப்புகள் துளையின்றிப் பலகையின் மேலேயே அமர்கின்றன. தொழிற்சாலையில் இவற்றைப் பசை போன்ற ஈயக் குழம்பின் மீது இயந்திரம் வைக்கிறது; குழம்பின் பிசுபிசுப்பே அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. கையால் செய்பவர் ஒரு திட்டில் மட்டும் முன்னதாகச் சிறிது ஈயம் வைத்து, சாமணத்தால் உறுப்பைப் பிடித்து, அந்த ஈயத்தை உருக்கி, உறுப்பை அதில் நகர்த்திச் சூட்டை எடுக்க வேண்டும். ஈயம் இறுகிய பின்பே சாமணத்தை விடலாம். பிறகு மறுமுனை. கூர்மையான மூங்கிற் குச்சியால் மேலிருந்து அழுத்திப் பிடிப்பதும் உண்டு. இது பழக்கத்தால் வருவது. தொடக்கத்திலேயே இதில் இறங்க வேண்டா. அலுமினியத் தகட்டின் மேல் எல்.இ.டி.கள் அமைந்த தெருவிளக்குப் பலகையில் தகடு சூட்டை இழுத்துக்கொள்வதால், அதற்குத் தனியாகச் சூடேற்றும் தட்டும் வேண்டும்.

செய்யத் தகாதவை

உறுப்பின் உலோகக் காலை விரலால் பிடித்துக்கொண்டு பற்றவைக்கலாகாது. சூடு கால் வழியே ஒரு நொடியில் விரலுக்கு வரும். மெழுகினால் நிறுத்தினால் மெழுகு உருகி ஈயத்தைப் பற்றவிடாது. பிசைந்த மாவில் ஈரமும் உப்பும் உள்ளன; அவை செம்பை அரிக்கும். விரைவில் இறுகும் பசை இட்டு ஒட்டினால், அடுத்த முறை பழுதுபார்ப்பவர் பலகையையே உடைக்க நேரும். சூட்டில் அதன் புகை கண்ணை எரிக்கும். ஈயக் கம்பியைப் பல்லால் கடித்துப் பிடிப்பது சிலரிடம் உள்ள தீய வழக்கம். அதில் காரீயம் உள்ளது, அது நஞ்சு.

பிடிப்பு எவ்வளவு நன்றாயினும் கறையேறிய காலில் ஈயம் பற்றாது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் நவச்சாரம் இட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்ததைப் பெரியோர்கள் நினைவு கூர்வார்கள். ஆனால் மின்பலகைக்கு நவச்சாரம் உதவாது; அது செம்பை அரித்துவிடும். கம்பியின் நடுவிலேயே மரப்பிசின் உள்ள பற்றாசுதான் இதற்கு உரியது.

சோதனை

ஒவ்வொரு பற்றையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க. நல்ல பற்று, காலைச் சுற்றிக் குன்றின் அடிவாரம் போல் உட்குழிந்து சரிந்து, செப்புத் திட்டோடு கலந்திருக்கும். உருண்டையாகத் திரண்டு நின்றால் ஈயம் ஒட்டவில்லை. காரீயக் கலவையில் பளபளப்பு இல்லாமல் பரபரப்பான மணல் போன்ற மேற்பரப்பு தோன்றினால் இறுகும்போது அசைந்தது என்று கொள்க. காரீயம் இல்லாத கம்பியோ இயல்பாகவே மங்கலாக இருக்கும். அங்கே வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும். பிறகு உறுப்பின் உடலை மரக்குச்சியால் மெல்ல அசைத்துப் பார்க்க. கால் மட்டும் ஈயத்துக்குள் அசைந்தால், சிறிது புதிய பற்றாசு கொடுத்து மீண்டும் உருக்குவதே பரிகாரம். ஒரு காலில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் சூட்டுக்கோல் நிற்க வேண்டியதில்லை. சாதாரணப் பலகைக்கு 25 வாட் கோல் போதும்.

உயிர் முதலில்

பழுதுபார்ப்பது நல்ல காரியம். ஆனால் உயிரினும் மேலானதன்று. இணைப்பில் உள்ள பலகையைத் தொடவே கூடாது. கம்பத்தில் ஏறுவதும், மூன்று முனை 415 வோல்ட் இணைப்பைக் கழற்றுவதும் அதற்குரிய தகுதி பெற்ற மின்பணியாளரின் வேலை. கழற்றி வந்த பலகையிலும் அபாயம் இருக்கலாம். 230 வோல்ட் மின்சாரம் நேர்மின்சாரமாக்கப்பட்டு மின்தேக்கியில் சேரும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகிறது. இணைப்பை எடுத்த பின்னும் அது தங்கியிருக்கும். உறையிட்ட கம்பிகளை இணைத்த ஒரு கிலோ ஓம், 5 வாட் மின்தடையை அதன் இரு முனைகளிலும் சில விநாடி வைத்து வடித்துவிட்டு, மீட்டரால் அளந்து பார்த்த பின்பே கை வைக்க வேண்டும்.

வேலை செய்யும் இடத்தில் காற்றோட்டம் இருக்கட்டும். பிசின் புகை ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவிய பின்பே உணவைத் தொடுக. காரீயத்தால் பெரிதும் பாதிக்கப்படுவோர் குழந்தைகள்; அடுப்படியில் வைத்து இவ்வேலையைச் செய்யலாகாது. வெட்டிய கால் துண்டுகள் கண்ணில் தெறிக்கும் ஆகையால் கண்ணாடி அணிவதும் அவசியம்.

பஞ்சாயத்துகள் செய்யக் கூடியது

குடியிருப்புப் பகுதிகளில் பொதுவழிகளுக்கு விளக்கிடுவதைக் கிராமப் பஞ்சாயத்தின் கட்டாயக் கடமைகளுள் ஒன்றாகத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 வைத்திருக்கிறது. கடமை இருக்கும் இடத்தில் அதற்குரிய கைத்திறனும் இருப்பது நன்று.

கிராம இளைஞர்களுக்குச் சுயதொழில் கற்பிக்கும் நிலையம் ஒன்று கர்நாடகத்திலுள்ள உஜிரேயில் 1982-இல் தொடங்கியது. அதன் மாதிரியில் இன்று ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் வங்கிகளால் மாவட்டந்தோறும் நடத்தப்படுகின்றன. அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் மின்னணுப் பிரிவுகள் உள்ளன. ஊருக்கு இருவரை, அவர்களுள் ஒருவர் பெண்ணாக, தேர்ந்தெடுத்து அனுப்புமாறு நாம் பஞ்சாயத்துகளைக் கேட்டுக்கொள்கிறோம். யார் என்பதைக் கிராம சபையிலேயே முடிவு செய்தால் பின்னர் மனத்தாங்கலுக்கு இடமிராது.

பயிற்சிக்கு விலையுயர்ந்த பலகை வேண்டுவதில்லை. ஊரில் எறிந்து கிடக்கும் பழைய எல்.இ.டி. பல்புகளும், ரேடியோப் பலகைகளும் போதும். முதல் வாரம் இருபது மின்தடைகளைக் கழற்றி, மீண்டும் நேராக நிறுத்திப் பற்றவைத்துப் பழகட்டும். இரண்டாம் வாரம் ஒரு கால் முறையில் இணைப்பிகள். மூன்றாம் வாரம் ரிலே. ஒவ்வொருவர் வேலையையும் மற்றவர் கண்ணாடியால் சோதித்துக் குறை சொல்லட்டும். அதற்குப் பிறகே ஓடுகின்ற சாதனத்தைக் கையில் எடுக்கலாம்.

பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு பழுதுப் பதிவேடு வைத்து, எந்த விளக்கு, எந்தப் பலகை, என்ன குறை, எத்தனை நாள் நீடித்தது என்று எழுதி வந்தால், ஓராண்டில் ஊருக்கு ஏற்பட்ட நன்மை தானே தெரியும். சரிசெய்ய இயலாத பலகைகளைக் குப்பையில் கொளுத்தாமல், மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும். அவற்றின் புகையும் சாம்பலும் நம் கிணற்றுக்கும் வயலுக்குமே திரும்பி வரும்.

விதைக்குமுன் உழுகிறோம், தளம் இடுமுன் முட்டுக் கொடுக்கிறோம். அதுபோலப் பற்றவைக்குமுன் நிலைநிறுத்துக. இச்சிறு ஒழுங்கு கைவந்த இருவர் ஊரில் இருந்தால், நாற்றுக்குத் தண்ணீர் பாய வேண்டிய இரவில் கடுகளவு ஈயத்துக்காக விவசாயி பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டிய நிலை வராது.